புது ரவுட்டர் வந்துவிட்டது, பழையதே ஓடுகிறது: பணம் திரும்பக் கிடைக்குமா?

(காட்சி: சாப்பாட்டு மேசை. சீல் பிரிக்காத அட்டைப்பெட்டி. பின்னால் சுவரில் பழைய ரவுட்டர், பச்சை விளக்குகள் எரிகின்றன.)

வணக்கம். பின்னால் சுவரில் இருக்கிறதே, அந்த ரவுட்டருக்கு மாற்றாக வந்தது இந்தப் பெட்டி. விலை 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இதற்கு ஒரு வேலையும் இல்லை, பழையதே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது, எந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை. பெரம்பூரில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மழைக்காலத்தில் 'டொப்'பென்று ஒரு சத்தம் வரும், வந்தவுடன் தெரு முழுக்க மெழுகுவத்தி தேடும். அன்றும் அதேதான். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, ஃப்ரிட்ஜ் உறுமியது, ரவுட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. ஒரு விளக்குகூட இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். "சார், டிவைஸ் போயிடுச்சு. வாரண்டியும் முடிஞ்சிருச்சு. புதுசு அனுப்பறோம், லிங்க் வரும், பணம் கட்டிடுங்க" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். போனை வைப்பதற்குள் லிங்க் வந்துவிட்டது. மறுநாள் எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, அம்மாவுக்கு ராத்திரி சீரியல். கட்டிவிட்டேன். அடாப்டரைப் பார்த்தீர்களா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காலையில் பக்கத்து பிளாக்கில் லைன் பார்க்க வந்திருந்த தம்பி ஒருவரைக் கெஞ்சி அழைத்துவந்தேன். அவர் ரவுட்டரைத் தொடக்கூட இல்லை. பிளக் பாயின்ட்டில் இருந்த அடாப்டரைப் பிடுங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கருகின வாசனை வருது சார். இதுதான் போயிருக்கு." தன் பையிலிருந்து ஓர் அடாப்டரை எடுத்துச் செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, இரண்டு நிமிடத்தில் வைஃபையும் வந்தது. "இது என்னோடது சார். ஒண்ணு வாங்கிட்டுப் போன் பண்ணுங்க, வந்து எடுத்துக்கறேன்" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் மூன்று மணிக்குப் பெட்டி வந்தது.

(காட்சி: ரவுட்டரின் முன்பக்கம், மிக அருகில்.)

சரி, திருப்பிக் கொடுக்கும் வேலைக்குப் போகும் முன் இந்த விளக்குகளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நீங்கள் போன் செய்ததும் வரும் முதல் கேள்வி, "அப்புறம் எதுக்கு சார் ஆர்டர் போட்டீங்க?" என்பதுதான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு விளக்குமே எரியவில்லை என்றால் அடாப்டர், பிளக் பாயின்ட், ரவுட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்ச், இந்த மூன்றில்தான் முதலில் சந்தேகம். அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்: என்னுடையதில் 12 வோல்ட், 1 ஆம்பியர். வேறொன்றைப் போட்டுப் பார்ப்பதானால் வோல்ட் அதே எண்ணாக இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. அடாப்டர் வயரின் முனை ரவுட்டருக்குள் சரியாக உட்காரவேண்டும். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று காட்டும் சின்ன வட்டப் படமும் அதிலேயே இருக்கும், அதுவும் ஒத்துப்போகவேண்டும். பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் கையில் கிடைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு செருகினால் நல்ல ரவுட்டரும் நிஜமாகவே போய்விடும்.

எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் வயரை லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், எலியோ அணிலோ கடித்திருக்கலாம், பீரோவை நகர்த்தும்போது நீங்களே மடக்கியிருக்கலாம். ஃபைபருக்குள் இருப்பது தலைமயிர் தடிமனில் ஒரு கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் அந்த வளைவிலேயே கசிந்துவிடும். பத்துப் புது ரவுட்டர் வாங்கி வரிசையாக மாட்டினாலும் அந்தச் சிவப்பு போகாது.

லைன் ஆட்கள் கையில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். ஃபைபர் முனையை அதில் செருகினால், வந்து சேரும் வெளிச்சம் எவ்வளவு பலமானது என்று டி.பி.எம். என்ற அலகில், மைனஸில் ஓர் எண் காட்டும். எங்கள் வீட்டில் மைனஸ் 21 டி.பி.எம். காட்டியது. "நல்லாருக்கு சார்" என்றார் அந்தத் தம்பி. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் வீட்டுக் கருவி தடுமாற ஆரம்பிக்கும். அந்த முனையை மட்டும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, வருகிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியவும் தெரியாது.

பி.ஓ.என். விளக்கு, அதாவது ஃபைபர் இணைப்பைக் காட்டும் விளக்கு, அசையாமல் பச்சையாக இருக்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை என்றால், வயர் நன்றாக இருக்கிறது, பிளான் முடிந்திருக்கலாம் அல்லது கம்பெனி பக்கம் ஏதோ கோளாறு. இதற்கும் புது ரவுட்டர் மருந்து அல்ல.

இப்போது பெட்டிக்கு வருவோம்.

(காட்சி: பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கர். சீரியல் எண்ணின் மேல் விரல் ஓடுகிறது. கடைசி எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கின்றன.)

பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வாசலிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், டெலிவரி ஓடிபியைக் கொடுக்காதீர்கள். ஓடிபி கொடுத்தால் பொருளை வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. கொடுக்காவிட்டால் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும், பேச்சுவார்த்தையும் சுலபம். எனக்கு இது அப்போது தெரியாது. வண்டியில் வந்த பையன் மழையில் நனைந்து நிற்கிறானே என்று ஓடிபியைச் சொல்லிவிட்டேன்.

வாங்கிவிட்டீர்களா? பிரிக்காதீர்கள். "சும்மா பார்க்கலாம்" என்று பிரித்தாலும், தயவுசெய்து ஃபைபரை மாட்டி ஆன் செய்யாதீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஃபைபர் இணைப்பில் ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் ஒரு சீரியல் எண் உண்டு. பெரும்பாலும் 12 எழுத்துகள், முதல் நான்கு அதைச் செய்த கம்பெனியின் அடையாளம். கம்பெனியின் நிலையத்தில் ஓ.எல்.டி. என்று ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. உங்கள் கணக்குக்கு இந்த எண்தான் என்று அதில் பதிந்துவைத்திருப்பார்கள். புதுக் கருவியைப் பதிந்து இணைப்புக் கொடுத்த நிமிடம், பழைய எண்ணை அங்கே நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் பெட்டி அவர்கள் கணக்கில் 'பயன்படுத்திய பொருள்'. இன்னொரு வாடிக்கையாளருக்குப் புதிது என்று கொடுக்க முடியாததை முழுப் பணம் கொடுத்து யார் திரும்ப வாங்குவார்கள்?

வெளியில் விற்றுவிடலாமே என்று கேட்கலாம். ஃபைபர் செருகும் வகைக் கருவிகளைப் பல கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருக்கும். அதை வாங்குபவர் உங்களைத்தான் தேடி வருவார்.

அடுத்து, கட்டிய பணம் எந்த வகை என்று பாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். பில்லையோ ரசீதையோ திறந்து படியுங்கள். திரும்பத் தரக்கூடிய டெபாசிட் என்று இருந்தால், கருவி அவர்களுடையது, பணம் உங்களுடையது. கருவியை ஒழுங்காக ஒப்படைத்தால் பணம் திரும்ப வந்தாகவேண்டும். அப்படிப்பட்ட டெபாசிட்டுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி போடமாட்டார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, ரவுட்டர் என்று எழுதியிருந்தால் அது விற்பனை. இங்கே அவர்கள் ரிட்டர்ன் விதி என்ன சொல்கிறது என்பதுதான் பேச்சு. மூன்றாவது வகை, இன்ஸ்டலேஷன் அல்லது விசிட் கட்டணம். ஆள் வந்து வேலை பார்த்திருந்தால் அது திரும்பாது. வரவே இல்லை என்றால் அதையும் கேளுங்கள். என் பில்லில் மூன்றாவது வகை இல்லை. 1,800 ரூபாயும் ரவுட்டர் விலைதான், வரி உள்பட.

இனி சட்டம். இதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அதனால் நிதானமாகக் கேளுங்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அது சொல்கிறது. பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எழுதியிருக்காவிட்டால் 30 நாளுக்குள். ஆனால் கவனியுங்கள், இது *பழுதான* பொருளுக்கு. என் பெட்டிக்குள் இருப்பது முத்துப்போல நல்ல ரவுட்டர். எனக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். 'தேவையில்லை' என்பதற்காக எந்தக் கடைக்காரரும் பணம் திருப்பித் தரவேண்டும் என்று நம் ஊரில் பொதுச் சட்டம் கிடையாது. அது விற்றவரின் ரிட்டர்ன் விதியைப் பொறுத்தது.

இணையத்தில் வாங்கியிருந்தால் ஒரு பிடி உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ரிட்டர்ன், ரீஃபண்ட், எக்ஸ்சேஞ்ச் விவரங்களை அவர்கள் தெளிவாகக் காட்டியிருக்கவேண்டும். குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். உங்கள் புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தரவேண்டும். ஆர்டர் போட்ட அன்று அந்த ரிட்டர்ன் பக்கம் என்ன சொன்னது என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பக்கங்கள் மாறும்.

அப்படியானால் பழுது என்று சொல்லிவிடலாமே? என் மைத்துனன் இந்த யோசனையைத்தான் சொன்னான். "ஆன் ஆகலன்னு சொல்லுங்க மாமா, யாருக்குத் தெரியப்போகுது?" அவர்களுக்குத் தெரியும். கிடங்கில் மாட்டிப் பார்ப்பார்கள், இரண்டே நிமிடத்தில் ஆன் ஆகும். 'பொருள் நன்றாக உள்ளது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. என் பக்கம் இருந்த நியாயம் வேறு: அடாப்டரைப் பார்க்கச் சொல்லாமலே ரவுட்டர் போய்விட்டது என்று முடிவு சொன்னது அவர்கள் ஆள். அவர்கள் சொன்னதை நம்பித்தான் ஆர்டர் போட்டேன். இதைச் சொல்லிக் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

போனில் பேசுங்கள், ஆனால் எழுத்தில் முடியுங்கள். நான் ஆப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரே வாசகத்தை அனுப்பினேன். திரையில் போடுகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: திரையில் கடித வாசகம்.)

"மாற்று ரவுட்டருக்காக 1,800 ரூபாய் கட்டினேன். கட்டிய தேதியும் புகார் எண்ணும் மேலே உள்ளன. ரவுட்டர் பழுது என்று உங்கள் அலுவலர் சொன்னதால் ஆர்டர் செய்தேன். அடாப்டர் மட்டுமே பழுது என்று மறுநாள் தெரிந்தது. பழைய ரவுட்டர் இயங்குகிறது. புதிய ரவுட்டரின் சீல் பிரிக்கப்படவில்லை. பெட்டியின் படமும் சீரியல் எண்ணும் இணைத்துள்ளேன். பெட்டியை எடுத்துக்கொண்டு, நான் பணம் கட்டிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். கோரிக்கை எண்ணைத் தெரிவிக்கவும்."

'அதே கணக்குக்கு' என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் "அடுத்த பில்லுல கழிச்சுக்கறோம் சார்" என்பார்கள். எனக்கும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். பிளானைத் தொடரப்போகிறீர்கள் என்றால் அதிலும் பெரிய நஷ்டம் இல்லை. கம்பெனியை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டிப்போட்டு விடுவார்கள்.

ஏற்கெனவே பிரித்துவிட்டவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. அடாப்டர், லேன் கேபிள், பச்சைத் தலை வைத்த சின்ன ஃபைபர் வயர், சுவரில் மாட்டும் ஸ்குரூ, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் பழையபடி உள்ளே அடுக்குங்கள். ஆன் செய்திருந்தால், பின்னால் ஊசித்துளை மாதிரி இருக்கும் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பழைய, ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அதில் கம்பெனி போட்டுவைத்த லாகினும் சேர்ந்து அழிந்து, ஓடுகிற இன்டர்நெட்டும் நிற்கும்.

(காட்சி: வாசல் கதவு. பெட்டியைக் கை மாற்றும் இரண்டு கைகள்.)

எடுத்துப்போக ஆள் வரும் நாள். நான் ஆபீஸில் இருந்தேன், வீட்டில் அம்மா மட்டும். அம்மாவிடமிருந்து போன். "ரவுட்டர எடுக்க வந்திருக்காங்கப்பா, வயரைக் கழட்டலாமான்னு கேக்கறாரு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, டேபிள் மேல இருக்கற பெட்டியக் குடும்மா. செவுத்துல ஓடறதத் தொடாத!" வந்தவரின் பட்டியலில் 'ரவுட்டர் ரிட்டர்ன்' என்று மட்டும் இருந்திருக்கிறது. வீட்டில் எரிந்துகொண்டிருந்தது எதுவோ அதைக் கழற்றிப் போகப் பார்த்திருக்கிறார். அது போயிருந்தால் இன்டர்நெட்டும் போயிருக்கும், சீரியல் எண் பொருந்தாமல் ரீஃபண்டும் நின்றிருக்கும். பெட்டியின் மேல் மார்க்கரில் பெரிதாக 'இதுதான் ரிட்டர்ன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். சிரிக்காதீர்கள், உதவும்.

பெட்டியைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். தாளோ குறுஞ்செய்தியோ, அதில் தேதியும் சீரியல் எண்ணும் இருக்கவேண்டும். ஓடிபி கேட்டால், அந்தக் குறுஞ்செய்தியில் 'பிக்கப்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரீஃபண்ட் காத்திருக்கும் இந்த நாட்களில்தான் திருடர்களும் வருவார்கள். கம்பெனி நம்பரைக் கூகுளில் தேடி, முதலில் வந்ததற்குப் போன் போடாதீர்கள். பில்லிலோ ஆப்பிலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலோ, ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னாலோ, உங்கள் பணம் போகப்போகிறது. போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்ற உதவி எண் அது.

'ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்' என்று சொல்லியும் கணக்கில் வரவில்லையா? "அனுப்பியதற்கான எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்க எண். கார்டு என்றால் 23 இலக்கத்தில் ஏ.ஆர்.என். என்று ஒன்று. அந்த எண்ணோடு வங்கிக்குப் போனால் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். எண் கொடுக்கத் தயங்கினால் இன்னும் அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தடித்தால் அடுத்த படி என்ன? இன்டர்நெட் கம்பெனி என்றால் புகார் எண்ணை வைத்து அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளில் வந்த ஏற்பாடு இது. பலர் நேராக டிராய்க்கே எழுதுகிறார்கள். தனிப்பட்ட ஆளின் புகாரை அது விசாரிப்பதில்லை. அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், 1,800 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. 1915இல் பதிந்த எண்ணை மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சேர்த்தாலே பல இடங்களில் பைல் நகரும்.

என் கதை அதற்கும் முன்பே முடிந்தது. ஒன்பதாம் நாள் 1,650 ரூபாய் வந்தது. 150 ரூபாய் பிக்கப் கட்டணமாம். பில்லிலும் இல்லை, அவர்கள் ரிட்டர்ன் பக்கத்திலும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அதே புகார் எண்ணில், "இந்தக் கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். மூன்று நாளில் அதுவும் வந்தது.

(காட்சி: மேசை. பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு அடாப்டர் மட்டும்.)

அந்த வாரமே ரிச்சி தெருவுக்குப் போய் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கினேன், இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. சுவரில் இப்போது ஓடுவது அதுதான். மேசையில் இருப்பது அந்தத் தம்பியுடையது. இரண்டு தடவை போன் செய்துவிட்டேன், "மழை விடட்டும் சார், வரேன்" என்கிறார். தப்பித் தவறி யாரும் வேறெதிலும் செருகிவிடக்கூடாது என்று, அதன் மேல் அவர் பெயரை எழுதி டேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.